மோட்சம் போய்ச் சேராதவர்களின் நாள்

எண்பதுகளின் நடுப்பகுதி. மாரி தொடங்குமுன் தோணியில் போன என் கணவர் திரும்பவில்லை. கூடப் போனவருடைய உடல், மையித்து, திருக்கோவில் ஊர்க் கரையில் ஒதுங்கியது. இவருடையது எங்குமே ஒதுங்கவில்லை.

"இத்தா இரு புள்ள" என்று உம்மா கெஞ்சினார். கணவன் மௌத்தானால், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் மனைவி வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. இருந்தால், அவர் மௌத்து என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். மையித்தைக் காட்டுங்கள், இருக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். பள்ளிவாசலில் அவருக்காக, மௌத்தானவர்களுக்குத் தொழும் ஜனாஸாத் தொழுகை நடத்தியபோது ஊரையே ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்த மிஸ்ஸி ஒருவர் வாடகைக்கு இருந்தார். மட்டக்களப்புக் கிறிஸ்தவ வேதக்காரர். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை கரண்ட் நின்றுவிட, நெருப்புப்பெட்டி கேட்டுப் போனேன். தாழ்வாரத்து ஈர மணலில் மெழுகுதிரிகளை நட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ்ஸி, உங்கட பெருநாளா?"

"ஓம். சகல ஆத்துமாக்கள்ட நாள். நேத்து சகல புனிதர்கள்ட நாள், அது மோட்சம் போய்ச் சேந்தவங்களுக்கு. இண்டைக்கு, இன்னும் வழியில நிக்கிறவங்களுக்கு."

"அதென்ன சகல?"

"முந்தி அவங்கவங்க தங்கட ஆக்களுக்கு மட்டும்தான் செபிச்சாங்களாம். குழியில்லாத, கேக்க ஆளில்லாத ஆத்துமாக்களும் இருக்கு, எல்லாத்துக்கும் சேத்து ஒரு நாள் வேணும் எண்டு ஒரு மடத்துப் பெரிய சாமி துவங்கினதாம். அதான் சகல."

குழியில்லாத என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, கடல் பக்கம் பார்த்தார்.

"எங்கட அம்மா சொல்லுவா, இண்டைக்குப் பொழுதுபட்டா அவங்க வீட்டுக்கு வருவாங்களாம். சோறு மூடி வெச்சு, கதவுக்குத் தாழ் போடாம உடுவா."

நான் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவருடைய பீங்கானில் சோறு போட்டு மூடி, வாசல் கதவைத் தாழிடாமல் விடுவேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. உயிரோடு வரப்போகிறவருக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

பொழுதுபட்டு, மஃரிபு பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. சீமெந்துத் தரையில் அடுப்படி வரை ஈர மணல். பீங்கானின் மூடி விலகியிருந்தது. காற்றுத்தான் செய்திருக்கும், பூனையும் புகுந்திருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அடுப்படி இருட்டுக்குள் ஈர வலையின் வாடை அடித்தது.

இத்தனை நாள் நான் கேட்டழுத மனிதர். வாங்க என்று கூப்பிட வாயெடுத்தேன், கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அங்கே நின்றுவிடக் கூடாது, அல்லாஹ்வே, நின்றுவிடக் கூடாது என்று கெஞ்சினேன். உயிரோடிருக்கிற கணவனுக்கு எவளும் அப்படிப் பயப்படமாட்டாள். அந்தப் பயத்துக்குப் பிறகு எனக்கு வேறு மையித்து தேவைப்படவில்லை.

கதவைத் தாழிட்டேன். அறைக்குள் தொழுது முடித்து முசல்லாப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த உம்மாவிடம் போனேன்.

"இத்தா இருக்கன், உம்மா."

உம்மா பெட்டியைத் திறந்து வெள்ளைச் சாரியை எடுத்தார். அதை எப்போதோ துவைத்து மடித்து வைத்திருந்தார்.