வரைபடத்தில் மட்டும் ஓடிய பஸ்

2012ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. மெல்பேர்ணில், நோபல் பார்க்கில், என்னைப் போல அகதியாகப் படகில் வந்த வேறு சிலரோடு ஒரு வீட்டில் இருந்தேன். மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆட்களோடு பேசவும் கூச்சம்.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது போனில் பார்க்கும் ஒரு வரைபடம். யார் வேண்டுமானாலும் அதில் இடங்களைச் சேர்க்கலாம், பிழையைத் திருத்தலாம். கோயிலுக்கு வரும் ஒருவர், கணினி வேலை செய்பவர், எங்கள் சிரமத்தைப் பார்த்துவிட்டு, பஸ் தரிப்பிடங்களின் பெயர்களையும் பஸ் ஓடும் நாட்களையும் நேரங்களையும் அதில் தமிழில் பதிந்து தந்தார். நம் எழுத்தைக் கண்டதும் எனக்குத் தெம்பு வந்தது. அதன்பின் தரிப்பிடக் கம்பங்களில் என்ன ஒட்டியிருக்கிறது என்று திரும்பியும் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை தடுப்பு முகாமிலிருந்து போன் வந்தது. பேசியவர் என்னோடு ஒரே படகில் வந்தவர்; என்னை வெளியே விட்டார்கள், அவரை விடவில்லை. கடலில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் பங்குத் தண்ணீரைத் தந்தவர். அவரைத் திங்கட்கிழமை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம்.

"நாளைக்கு ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போங்கோ அண்ணை. இனி எங்கை காணப்போறம்?"

"ஓம், கட்டாயம் வாறன்" என்றேன்.

முகாம் நகரத்தின் மறுபக்கம், கிரெய்கிபர்ன் போகும் ரயில் பாதையில் இருந்தது. ரயிலை விட்டு இறங்கி ஒரு பஸ் எடுக்க வேண்டும். நான் நேரத்தோடு தரிப்பிடத்துக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் உண்டு என்று வரைபடம் சொன்னது. பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. சுற்றிவரப் பூட்டிக்கிடந்த தொழிற்சாலைகள். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்து நின்றார். கம்பத்தைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம். வழக்கம்போலச் சிரித்து, "யேஸ், யேஸ்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார்.

வெயில் சாயத் தொடங்கியதும் பயம் பிடித்தது. போனைப் பார்த்துப் பார்த்து நடந்தேன், சில இடங்களில் ஓடினேன். வாசலுக்குப் போனபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. நான் கைகூப்பினேன். காவலாளி கைக்கடிகாரத்தைக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தக் கணினிக்காரரைக் கண்டேன்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ் வரேல்லை."

"அந்த பஸ்ஸோ? அது ஞாயிறு ஓடுறதை நிப்பாட்டிக் கனநாள் அண்ணை. கம்பத்திலை நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்களே, பாக்கேல்லையா?"

"உங்கடை வரைபடத்திலை ஓடுதெண்டு கிடக்குதே."

அவர் சிரித்தார். "அது நான் ஒரு ஆசையிலை தொடங்கினது. பிறகு எங்கை நேரம்? ஆரும் மாத்தலாம் அண்ணை. நீங்களே மாத்தியிருக்கலாம்."

பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். கெட்டவர் இல்லை. யாரும் கேட்காமலே செய்தவர். ஆனால் அன்று அவருடைய சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால், பயத்திலாவது யாரையாவது முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பேன்.

சில கிழமை கழித்து, திருப்பி அனுப்பப்பட்டவர் ஊரிலிருந்து பேசினார்.

"சவரம் செய்து, நல்ல சேட்டும் போட்டுக்கொண்டு, பின்னேரம் வரைக்கும் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தனான் அண்ணை."

"பஸ் வரேல்லை" என்றேன்.

"சரி, பரவாயில்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. அந்த இலக்கமும் இப்போது வேலை செய்வதில்லை.

பஸ் வரவில்லை என்பது வேலைக்குப் பிந்திப் போகிறவன் சொல்லும் சாட்டு. தண்ணீர் தந்த மனிதனைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டதற்கு இன்றுவரை என்னிடம் இருக்கும் விளக்கமும் அது ஒன்றுதான்.