கம்பை வாங்கி வைக்கிற வீடு

பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷினுக்கு எண்ணெய் விடும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அந்த வாசனை வந்தால் என் உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது. எதையோ பிடித்திருப்பது போல, பிடித்திருப்பதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது போல.

சமஸ்தான ஆட்சி முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்னவாசல் ஸ்டேஷனில் நான் கான்ஸ்டபிள். சொந்த ஊர் கட்டுமாவடி. அங்கே எனக்கென்று யாரும் மிச்சமில்லை. கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் செம்மண்ணும் பாறையும் வெயிலும் ஒட்டவே இல்லை. ஒட்டியது ஒரே ஒரு வீடு. நான் ரோந்துக்கு, பீட் போகும் வழியில், கண்மாய்க் கரைக்குக் கீழே, வயல் வைத்துப் பிழைக்கும் ஒரு சம்சாரியின் வீடு. அவரை அண்ணன் என்றேன். அவர் மனைவியை மதினி என்றேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். கம்போடு வருகிறவர் கையிலிருந்து வீட்டுக்காரர் அதை வாங்கி உள்மூலையில் சார்த்திவிடுவார். வாங்கி வைத்துவிட்டால் சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது. என் லத்திக்கும் அதே மரியாதைதான்.

"கம்பக் குடுடா. கோழியெல்லாம் ஒன்னப் பாத்து மெரளுது" என்பார் அண்ணன்.

"கள்ளனப் புடிக்கப் போறவன் கூழுச் சட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்" என்பார் மதினி. மோர்மிளகாய் ஒன்று கூடுதலாக விழும். வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

மழை பொய்த்த வருஷம் ஒன்றில், கண்மாய் மடை திறப்பதில் அந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் தகராறு. விலக்கப் போன எங்கள் ஏட்டுக்குக் கல் பட்டு மண்டை உடைந்தது. மறுநாள் மடைக் காவலுக்கு எங்கள் கையில் துப்பாக்கி கொடுத்தார் இன்ஸ்பெக்டர். ஒரே உத்தரவு: கை மாறக் கூடாது. அவர் செய்ததில் தப்பு இருந்ததாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏட்டின் தலையில் கட்டிய துணியில் ஊறிய ரத்தத்தைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு கல்கூட விழவில்லை. நாங்களும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

காவலின் மூன்றாம் நாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டினார். நான் துப்பாக்கியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"குடுக்கக் கூடாதுண்ணே. உத்தரவு."

நீட்டிய கையைத் துண்டில் துடைத்தார். ஈரமே இல்லாத கை. "நான் என்ன, ஒன்னச் சுட்டுப்புடவா போறேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆமா, யாரச் சுடுறதுக்கு இது?"

"சும்மா, காவலுக்குத்தாண்ணே."

"சும்மாவுக்கா இம்புட்டு எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சிருக்கு?"

துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு ஒற்றைக் கையால் கூழ் குடித்தேன். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மதினி மட்டும் எதிரே கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்து, அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டினார். திரும்பி வந்து கேட்டார்:

"போதுங்களா?"

அதுவரை அந்த வீட்டில் எனக்கு ஒரு 'ங்க' விழுந்ததில்லை.

காவல் முடிந்தது. துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுபடி லத்தியோடு போய், அதை நீட்டியபடி வாசலில் நின்றேன்.

"கையிலயே இருக்கட்டுங்க. ஒங்களுக்கு வேல இருக்கும்" என்றார் அண்ணன்.

அதன்பிறகு நான் வேறு பாதையில் பீட் போனேன்.

மாற்றல் வந்த அன்று வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு தகரப்பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். சந்தைக்கு வந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். வெயிலைப் பற்றிப் பேசினோம். பஸ் வந்தது. நான் பெட்டியை அவர் பக்கம் நீட்டினேன், ஒரு நொடி வாங்கிக்கொள்ளட்டும் என்று. அவர் கை லேசாக அசைந்தது. அதற்குள் கண்டக்டர் பெட்டியைப் பிடுங்கி மேலே போட்டுவிட்டார்.

"வாரேண்ணே" என்றேன்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க, சார்."