எங்கள் அடுப்பை உடைத்த ஹோட்டல்

எங்கள் மண் அடுப்பை இடிக்க, வந்த ஆட்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் வாய் சிறுத்த இரும்பு அடுப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குக் காசு கொடுத்தது, நான் வேலை செய்யும் ஹோட்டல். தன் புகைக்கு ஈடாகத் தோட்டத்து லய வீடுகளின் புகையைக் குறைக்கிறதாம்.

புகை நல்லது என்று நான் சொல்லவில்லை. என் மனைவி அதில் கண்ணெரிந்து சமைத்தவள். ஆனால் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மழையில் தேயிலைக் கொழுந்தெடுப்பவளுக்கு அடுப்பு சோறாக்க மட்டும் இல்லை. இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு தினமும் நனைந்துவிடும். அதை அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டால்தான் விடிவதற்குள் காயும். புது அடுப்பின் சூடு பானையைத் தாண்டி வராது. ஈரப் படங்கோடு மலைக்குப் போய்ப் போய் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கூரைத் தகரத்துக்குக் கீழே பலகையாவது அடித்துத் தருவீர்களா, குளிர் இறங்காதே என்று அடுப்பு வைக்க வந்தவர்களிடம் அவள் கேட்டிருந்தாள். அது திட்டத்தில் இல்லையாம்.

ஹோட்டல் என்பது மேலே இருக்கிற, முன்பு தோட்டத்துத் தொரை இருந்த பழைய பங்களாதான். சூழலைக் காக்கிறோம் என்று வாசலில் பச்சைப் பலகை. சாயங்காலம் அறை அறையாக விறகு மூட்டுவது என் வேலை. ஹீட்டரும் ஓடும், நெருப்பும் எரியும், புழுங்குகிறது என்று ஜன்னலையும் திறந்து வைப்பார்கள். ஆளில்லாத அறையிலும் அழகுக்காக எரிய வேண்டும்.

இருமல் கூடியதும் களிமண் குழைத்துப் பழைய இடத்திலேயே அடுப்பு கட்டினேன். படங்கு காய்ந்தது. இருமலும் தணியத் தொடங்கியது. அந்த வாரமே மெனேஜர் இரண்டு வெள்ளைக்காரர்களைப் புது அடுப்பைக் காட்ட எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தார். மண் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் கிடந்த இரும்பு அடுப்பில் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.

"என்னப்பா, மானத்த வாங்குறியே? நாளைக்கே இத ஒடைச்சிரு" என்றார் மெனேஜர், சிரித்த முகம் மாறாமல்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அன்றைக்கு வந்தது.

"மேல ஆளில்லாத ரூம்ல எரியிறத மொதல்ல அணைங்க சேர். அப்புறம் இத ஒடைக்கிறேன்."

நான் என்ன சொன்னேன் என்று வெள்ளைக்காரர்கள் கேட்டார்கள் போலிருக்கிறது. மெனேஜர் இங்கிலீசில் ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டி, இரும்பு அடுப்பை வெங்காயத்தோடு படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"இந்த வாய இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி. பிறகு, "வேலையில இருந்து நிப்பாட்டிட்டா?" என்று கேட்டாள்.

நிறுத்தவில்லை. அன்று சாயங்காலம், ஒரு அறையும் விடாமல் மூட்டச் சொன்னார் மெனேஜர், பூட்டிக் கிடந்தவற்றையும் திறந்துவிட்டு. மூட்டினேன். வீட்டு அடுப்பை மட்டும் நான் உடைக்கவில்லை. அவர் வந்து கேட்கட்டும், அதே பதிலைத்தான் சொல்வேன்.