பேர் இருந்த வரி

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதை என் சிநேகிதன் ஒரு கல்லறையிலேயே செய்து காட்டினான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாங்கள் செல்லூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவனுக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனபோதுதான் காட்டோரத்தில் அந்தக் கல்லைப் பார்த்தோம். அந்தக் காலத்துச் சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லறை என்றார்கள் ஊர்க்காரர்கள். எழுத்து என்னவோ இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் பாஷை இங்கிலீஷ் இல்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் கிடப்போம். தேய்ந்த எழுத்து நேர் வெயிலில் தெரியாது. அவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடிப்பான். பள்ளத்தில் நிழல் விழும். நான் படம் பிடிப்பேன். மேல் வரியில் எம், ஓ. தள்ளி எம், ஹெச், ஏ, சி. இணையத்தில் ஸ்காட்லாந்துக்கார அம்மாள் ஒருவர் விளக்கினார்: அது கேலிக், அவர்கள் ஊர்ப் பாஷை. எம்மும் ஹெச்சும் சேர்ந்தால் ‘வ’ போல ஒலிக்கும். ‘மோ வாக்’. என் மகன்.

கீழ் வரியில் அந்த மகனின் பேர். அதில் முதல் எழுத்து ‘டி’ மட்டும் பிடிபட்டது. எப்படியாவது அந்தப் பேரைப் படித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

அவனுக்கோ வேறு பித்து. “மாப்ள, வாக்காவது போக்காவது! அந்த ஹெச்ச விட்டுட்டு நல்லாப் பாருடா, எம், ஏ, சி, ‘மக’! நம்ம மகடா! இது தமிழு!”

“கிறுக்குப் பயலே, ஒலியே வேற. பேரைப் படிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத.”

“எங்காத்தா சத்தியமா தொறக்க மாட்டேன்டா.”

நம்பினேன். முகூர்த்த மாசம் வந்தது. பத்திரிகை வேலை குவிந்ததில் சில வாரம் நான் போகவில்லை. ஒருநாள் செல்போனில் வீடியோ வந்தது. கல்லுக்கு மாலை, சுற்றிக் கூட்டம், நடுவில் இவன். ‘சீமையில் தமிழ் பேசிய சிப்பாய்’ என்று முழங்குகிறான். கல்லில் ஹெச்சைக் காணோம். சிமெண்டால் அடைத்து, மற்ற எழுத்துகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தான்.

பதறிப்போய் வண்டியை எடுத்தேன். நான் கிளம்பியது தெரிந்து அவனும் பின்னாலேயே வந்துவிட்டான். கல்லின் கீழ்ப்பாதியில் பளபளவென்று புது கிரானைட் பலகை.

“பேரு எங்கடா?”

“அது செதஞ்சுல்ல கெடந்துச்சு மாப்ள. கொத்தி எடுத்துட்டுத்தான் பலகையப் பதிச்சோம். இம்புட்டு நாள் ஒழைச்சவன் நீ, ஒன்ன மறப்பனா? கோவப்படாம படிச்சுப் பாரு. ஒன் பேரத்தான் மொதல்ல போடச் சொன்னேன்.”

‘கண்டெடுத்தவர்கள்’ என்று இருந்தது. எவளோ பெற்ற பிள்ளையின் பேர் இருந்த இடத்தில், தங்க எழுத்தில் என் பேர். பாவி, அந்தப் பழியில் எனக்கும் பங்கு வைத்துவிட்டான்.