யூமெரின் சமையலறை சுவிட்ச்

வாழைப்பழப் பெட்டியிலிருந்து வெட்டி எடுத்த அட்டையைக் குளிர்காற்றை மறைக்கக் காரின் மூக்குக்குள், ரேடியேட்டருக்கு முன்னால் செருகிக்கொண்டிருக்கும்போதே யூமெர் பேச ஆரம்பித்துவிடுவார். எதிரில் ஆள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அட்டை போன வாரத்தைவிட இளைத்துவிட்டது, தோன்ச்சோ இன்றைக்கும் தாமதம்தான் செய்வார், மேகம் வருகிற திசை சரியில்லை என்று எல்லாவற்றையும் அட்டையிடமே சொல்லி முடிப்பார். பிறகு பின் இருக்கையில் கம்பளியை உதறி விரித்துவிட்டு, ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் திருகி வைத்திருக்கும் வெள்ளை சுவிட்சை விரலால் தட்டி, அது அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுச் சுவரில் விளக்குக்கு இருக்குமே, அதே சுவிட்ச்தான். அதன் ஓரத்தில் சமையலறைச் சுவரின் பச்சை வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரோதோப் மலையின் மேல் கிராமங்களில் சிறுநீரகம் பழுதானவர்களைப் பள்ளத்தாக்கு நகரத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதும், முடிந்ததும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவதும் அவருடைய வேலை. செவ்வாய், வியாழன், சனி. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. பல்லிடுக்கில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். உமியைத் தன் சட்டைப்பையில்தான் போடுவார். சலவைக்குப் போடும் முன் அந்தப் பையைக் காலி செய்ய மறப்பதால் வீட்டில் திட்டு வாங்குவார்.

மலைச்சாலையின் ஒரு வளைவில், இறந்துபோன யாரோ ஒருவரின் நினைவாக அவர் வீட்டார் கட்டிய நீரூற்று ஒன்று இருக்கிறது. கல்லில் பெயர் தேய்ந்துவிட்டது. மேலே செதுக்கிய சிலுவை மட்டும் தெரிகிறது. அதைக் கடக்கும்போது எந்தக் கதையின் நடுவில் இருந்தாலும் யூமெர், "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விட்ட சொல்லிலிருந்து கதையைத் தொடருவார். அவர் வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிறவர். இதில் யோசிக்க ஏதாவது இருப்பதாக அவருக்கும் தோன்றியதில்லை, அவர் காரில் வருகிறவர்களுக்கும் தோன்றியதில்லை.

வருகிறவர்கள் இரண்டு பேர். தோன்ச்சோ காட்டிலாகாவில் காவலராக இருந்தவர். ஸ்லாத்தினா பனிச்சறுக்கு உடைகள் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. வாய் கொஞ்சம் காரம்.

சுவிட்ச் வந்த விதம் இது. போன கோடையில் கணவாய் ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. என்ஜின் சூடானதும் ரேடியேட்டர் விசிறியை ஓட விட வேண்டிய சென்சார் உயிரை விட்டிருந்தது. இந்த மலையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதையே யூமெரும் செய்தார். சாவியைத் திருப்பினாலே விசிறி சுற்றும்படி வயரை நேராகக் கொடுத்தார். அது போதாதென்று, என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்தார். கழற்றும்போது ஒரு போல்ட் உள்ளேயே முறிந்துபோனது. ஆகஸ்டு முழுவதும் கார் தங்கமாக ஓடியது. நவம்பரில் முதல் பனி விழுந்தபோது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு எழுந்திருக்கவே மறுத்தது. ஹீட்டரைத் திறந்தால் வெளியில் அடிக்கும் அதே காற்று உள்ளேயும் அடித்தது.

டயாலிசிஸ் இயந்திரத்திலிருந்து எழும்போதே ஸ்லாத்தினாவுக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். இரண்டு கம்பளி போர்த்தினாலும் வீடு சேரும்வரை பற்கள் அடித்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை தன் வாசலில் இறங்கியவர் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யூமெரு, செவ்வாக்கெழம நீ வர வேணாம். அந்த மெஷினக் கூடப் பொறுத்துக்குவேன். இந்தக் காருதான் என்னைக் கொல்லுது. நான் என் அடுப்புப் பக்கத்துலயே இருந்துக்குறேன்."

டயாலிசிஸை விட்டுவிட்டு அடுப்புப் பக்கத்தில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். தோன்ச்சோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

முறிந்த போல்ட்டை எடுத்துத் தெர்மோஸ்டாட்டை மாட்ட என்ஜினைப் பாதி பிரிக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். அந்த ஒரு வாரம் இவர்களை யார் கொண்டு போவது? யூமெர் வீட்டுக்குப் போய்ச் சமையலறைச் சுவரிலிருந்து சுவிட்சைக் கழற்றினார். விசிறியை வேண்டும்போது போடவும் அணைக்கவும் முடிகிறபடி, பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்த ரிலேயோடு சேர்த்து அதை விசிறியின் வயரில் இணைத்தார். அவர் மனைவி அன்றைய சூப்பை டார்ச் வெளிச்சத்தில் சமைத்தார். கையில் கரண்டியோடு அவர் சொன்ன வார்த்தைகளை யூமெர் காரில் இன்றும் நடித்துக் காட்டுவார்.

செவ்வாய் காலை ஸ்லாத்தினா ஜன்னலில் நின்றபடி, வரவில்லை என்று கையை ஆட்டினார். யூமெர் ஹாரன் அடிக்கவில்லை. விசிறியை அணைத்து, அட்டையைச் செருகி, நெடுநேரமாக ஓடவிட்டு வைத்திருந்த என்ஜினோடு வாசலில் நின்றார். கடைசியில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு வர வேணாம் அக்கா. சும்மா காருல வந்து ஒக்காந்து பாருங்க. சூடு இல்லன்னா எறங்கி உள்ள போயிடுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

அடுப்பங்கரைச் செருப்போடு வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார் ஸ்லாத்தினா. ஹீட்டர் துவாரத்துக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கழித்து, தன் பூட்ஸையும் கைப்பையையும் எடுத்து வரும்படி யூமெரையே உள்ளே அனுப்பினார்.

குறை ஒன்றுதான். யூமெருக்குக் கதை வந்துவிட்டால் முள் மறந்துவிடும். விசிறி அணைந்திருக்க, அட்டை மறைத்திருக்க, ஏற்றத்தில் முள் விறுவிறுவென்று போய்ச் சிவப்பைத் தொடும். மச்சினனின் கல்யாணக் கதையில் ஒருமுறை பானெட்டிலிருந்து ஆவியே வந்தது. அதற்குப் பிறகு முன் இருக்கைக்காரர் முள்ளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முள் நடுவைத் தாண்டினால் சுவிட்சைப் போட வேண்டும், இறங்கினால் அணைக்க வேண்டும். தோன்ச்சோ அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டார். "நீ ஆயுசெல்லாம் மரத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்தவன். மரம் எங்க அசைஞ்சுது?" என்று சொல்லி அவரைப் பின்னால் அனுப்பிவிட்டார் ஸ்லாத்தினா. அன்றிலிருந்து யூமெரின் கதையும் தடைப்படவில்லை, காரும் கொதிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. இயந்திரம் உடம்பிலிருந்து அளவுக்கு மேல் நீரை இழுத்துவிட்டது என்று சொல்லி, ஸ்லாத்தினாவைத் தாமதமாகத்தான் விட்டார்கள். உதட்டில் நிறமே இல்லை. முன் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வழியில், ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே, மரம் ஏற்றிய லாரி ஒன்று கட்டைகளைச் சாலையில் கொட்டியிருந்தது. ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன, நகர்ந்தன, மறுபடி நின்றன.

தன் மச்சினன் கழுதை விற்ற கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார் யூமெர். நிற்கிற காருக்குக் காற்று இல்லை. முள் ஏறிக்கொண்டிருந்தது. கொதித்து நின்றுபோனால் இந்தப் பனியில் இவர்களை வைத்துக்கொண்டு எங்கே போவது? விசிறியைப் போட்டுவிட்டாலோ, தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சில நிமிடங்களில் சில்லிட்டு, ஹீட்டரும் பழைய குளிரை ஊதத் தொடங்கிவிடும். அவர் ஹீட்டரை முழுக்கத் திறந்து என்ஜினின் சூட்டைக் காருக்குள் இழுத்தார். குல்லாகூட இல்லாமல் இறங்கி ஓடி அட்டையைப் பாதி உருவினார். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். சில மூச்சுகள் விட்டு அணைத்தார். மறுபடி போட்டார்.

"கழுதை என்னடா ஆச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டார் தோன்ச்சோ.

"கொஞ்சம் சும்மா இருங்க அண்ணே."

கார் ஊற்றை ஊர்ந்து கடந்தது. யூமெரின் கண் முள்ளை விட்டு நகரவில்லை. தோன்ச்சோவே தாழ்ந்த குரலில் இறந்தவருக்கான சொற்களைச் சொன்னார்.

கண்ணைத் திறக்காமலே ஸ்லாத்தினா பேசினார். "எவ்ளோ நேரமா ஓடுது விசிறி? சத்தம் கேக்குது. முள்ளு எங்க இருக்கு?"

"நடுவுலதான் அக்கா."

"பொய் சொல்லாத."

"நடுவுக்கு ஒரு வெரல் மேல."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஓடட்டும்." அவர் விசிறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். "ம். இப்ப அணை."

யூமெர் அணைத்தார். இப்படியே அவர் கண்ணாலும் ஸ்லாத்தினா காதாலும் காரை மேலே கொண்டுபோனார்கள். கொட்டிய கட்டைகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தோன்ச்சோ கோட்டின் பொத்தான்களைத் திறந்து, தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். யூமெரின் கழுத்தில் வியர்வை வழிந்தது. கண்ணாடிகளுக்கு வெளியே பனி நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

ஸ்லாத்தினாவின் வாசலில் கார் நின்றது. அவர் உடனே இறங்கவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்று யூமெர் கேட்டார். வேண்டாம், செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்தால் போதும் என்றார். பிறகு இடது கையின் உறையைக் கழற்றினார். ஊசி ஏறும் கை அது. இயந்திர நாட்களில் ராத்திரிவரை சில்லிட்டு விறைத்துக் கிடக்கும் கை. அதன் உள்ளங்கையை யூமெரின் கன்னத்தில் வைத்து, அந்தக் கை சூடாக இருப்பதை அவர் உணரும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.