சேர் பிழை விட்ட பதினெட்டாவது நிமிசம்

ரெண்டு மணித்தியாலப் பாட வீடியோவில விளங்காத இடத்தைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன ஆக்களே, உங்களுக்காக முழுசையும் பார்த்துத் தொலைக்கிறது என்ர தொழில்.

வெள்ளவத்தையில பௌதிகவியல் படிப்பிக்கிற சேர் ஒருத்தரின்ர ஒன்லைன் வகுப்பில வேலை. எந்த நிமிசத்தில எந்த விஷயம், அது விளங்க முதல் எது விளங்கவேணும் எண்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுக்கிறனான். பிள்ளை கேள்வியை எழுதினால் நேரே அந்த நிமிசத்தில போய் இறங்கும்.

கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்

முதல்ல கம்ப்யூட்டரே எல்லாம் பிரிச்சது. சேர் கதை சொல்லுற இடமெல்லாம் "பாடமில்லை" எண்டு ஒதுக்கிப்போட்டுது. மருதானை ஸ்டேசனில கோச்சி சடாரெண்டு பிரேக் போட, நிண்டவர் முன்னால இருந்தவரின்ர மடியில விழுந்த கதையும் போச்சு. ஐயோ, வண்டி நிண்டாலும் உடம்பு முன்னால போற சடத்துவமே அதுக்குள்ளதானே கிடக்கு! கையால திரும்பச் சேர்த்தன். பக்கத்து மேசை ஃபர்ஹானா எட்டிப் பார்த்திட்டுச் சொன்னா: "கம்ப்யூட்டர் ஒரு நாளாவது கோச்சில போயிருக்காது போல."

சிவப்பு அடையாளம்

மேல எறிஞ்ச பந்தின்ர கணக்கு. மைனஸ் போடவேண்டிய இடத்தில, பதினெட்டாவது நிமிசம், சேர் பிளஸ் போட்டிட்டார். திருத்தினது நாப்பத்தோராவது நிமிசம். முழுக்கப் பார்க்கிற பிள்ளைக்குப் பிரச்சினையில்லை. நாங்கள்தானே நேரே பதினெட்டில கொண்டுபோய் இறக்கிறம்! அப்பிடி இறங்கிற பிள்ளை பிழையைப் பாடமாக்கிக்கொண்டு சோதினைக்குப் போகும். "இங்க பிழை, திருத்தம் நாப்பத்தொண்டில" எண்டு சிவப்பில போட்டு ரெண்டையும் இணைச்சன்.

சேர் கொதிச்சுப்போனார். வெள்ளிக்கிழமைக்குள்ள அழிக்கவேணும், இல்லாட்டி வேற வேலை பார்க்கவேணும் எண்டார். "திரும்ப வீடியோ எடுங்கோ, அழிக்கிறன். அதுவரைக்கும் மாட்டன்" எண்டன். அவர் கத்தினார்: "வெள்ளவத்தையில காலி வீதி முழுக்க என்ர முகத்தைப் போஸ்டரில ஒட்டியிருக்கு, நீர் அதுக்குக் கீழ பிழை எண்டு எழுதுறீரோ?"

கொட்டாஞ்சேனையிலயிருந்து ஒரு ஃபோன் கோல்

வெள்ளிக்கிழமை. சேர் என்ர மேசைக்கு முன்னால நிக்கிறார். நான் அழிக்கேல்லை. அந்த நேரம் பார்த்து உதவிக்கெண்டு வைச்சிருந்த ஃபோன் அடிச்சுது. ஸ்பீக்கரில போட்டன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஏ.எல். சோதினை எடுக்கிறது மூண்டாம் தரம். ஒரே மூச்சில கொட்டித் தீர்த்துது: "அக்கா, அந்தச் சிவப்பு இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறன். ரெண்டு தரமும் நான் விட்டது அதே பிழைதான், எனக்கு மூளையே இல்லையெண்டு அழுதனான். பார்த்தால் சேரே அதை விட்டிருக்கிறார்! மற்றப் பாடங்களிலயும் சேரைக் கொஞ்சம் பிழை விடச் சொல்லுங்கோவன்."

அடையாளமும் அழியேல்லை, நானும் போகேல்லை, இப்ப சிவப்பே இல்லாத வீடியோவைக் கண்டால் "ஒழுங்காப் பார்த்தனீரோ?" எண்டு சேர் என்னைத்தான் பிடிச்சு ஏசுறார்.