படக்கூடாத கால்

என் வீட்டுக்காரர் குலசிங்கத்தைப் பற்றிக் கேட்டால், ஒக்லாந்தில் எங்களைத் தெரிந்த தமிழர் எல்லோரும் ‘பாவம், நல்ல மனிதர்’ என்றுதான் சொல்வார்கள். நானும் அதை மறுக்கப்போவதில்லை. நல்ல மனிதர்தான். நல்ல மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு அலுப்பான வேலை என்பதைத்தான் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். எண்பத்தைந்தில் இங்கே வந்து, ஏவன்டேலில் ஒரு பலகை வீட்டை ரென்டுக்கு எடுத்தோம். இவருக்கு ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற ஒரு லோண்டரியில் வேலை கிடைத்தது. மெஷினுக்குள்ளிருந்து ஈரமான கட்டில் விரிப்புகளை இழுத்து வண்டியில் போட வேண்டும். ஈர விரிப்பு எவ்வளவு பாரம் என்பது இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். விடியமுன் தொடங்கி மத்தியானத்தோடு முடிகிற ஷிப்ட். எனக்கு பிளாக்ஹவுஸ் பேயில் முதியோர் இல்லத்தில் வேலை. அது பின்னேரம் தொடங்கி இரவு முடியும். இவர் வந்து நான் போவதற்கு இடையில் ஒரு மணி நேரம் இருவரும் ஒரே வீட்டில் இருப்போம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வந்த மறு வருடம் குளிர்காலத்தில், ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இரண்டு பேர் இவரைத் தள்ளி விழுத்திப் பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். பைக்குள் இருந்தது புட்டும் முட்டைப் பொரியலும். காயமும் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இவரால் அந்தத் தெருவில் தனியாக நடக்க முடியாமல் போய்விட்டது. பின்னால் ஒரு சத்தம் கேட்டால் கால் இரண்டும் அப்படியே நின்றுவிடுமாம். ஓடவும் வராதாம், திரும்பிப் பார்க்கவும் வராதாம். ஆகவே நான் துணைக்குப் போனேன். இரவு வேலை முடித்து வந்து கண்ணயர்ந்த கையோடு எழும்பி, கோட்டை மாட்டிக்கொண்டு போய் இவரை ரயில் ஏற்றிவிட்டு வருவேன். திரும்பி வரும்போது எனக்கு யார் துணை என்று இவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்ற எண்ணம் இவருக்கு இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே இவருக்குத் தெரியாது.

லோண்டரியில் இவரோடு வேலை செய்தவர் மரியானோ என்ற பிலிப்பினோக்காரர். கட்டையான உருவம், எப்போதும் சிரித்த முகம். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில், தங்கள் நாட்டுப் பிரம்படி வித்தையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்னிஸ் என்று பெயர். ஒரு கை நீளத்தில் பிரம்பு, அதைச் சுழற்றி அடிப்பதும் தடுப்பதும். இவருடைய கதையைக் கேட்டுவிட்டு, வந்து பழகும்படி அவர்தான் கூப்பிட்டார். ஊரில் ஒரு நாய்க்குக்கூடக் கல்லெடுக்காத மனிதர் பிரம்போடு வீட்டுக்கு வந்து நின்றபோது, எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். இவருக்குக் கோபம்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. சில மாதங்களில் இவர் தனியாக ஸ்டேஷனுக்குப் போகத் தொடங்கினார். சத்தம் கேட்டால் இப்போதும் கால் நின்றுவிடும்தான், ஆனால் கை எழும்பும் என்ற தைரியம் வந்துவிட்டது என்றார். எனக்கு விடியற்காலை நித்திரை திரும்பக் கிடைத்தது. அந்த நித்திரைக்காகவே மரியானோவுக்கு ஒரு கோயில் கட்டலாம் போலிருந்தது.

கால் நின்றுவிடுவதில்தான் வினை இருந்தது. அந்த வித்தையில் நிலத்தில் டேப் ஒட்டி ஒரு முக்கோணம் போடுவார்கள். அதன் ஒரு முனையில் நாம் நிற்க வேண்டும். அடி வரும்போது பின்னுக்குப் போகாமல், பக்கத்து முனைக்குச் சாய்வாக முன்னுக்குப் போக வேண்டும். அப்போது அடி நம்மைத் தாண்டிப் போய்விடும். நம்முடைய கால் எதிராளியின் காலோடு ஒட்டினாற்போல் நிற்கும். உடம்பின் பாரமெல்லாம் காலிலிருந்து இடுப்புக்கு ஏறிப் பிரம்புக்குப் போகும். கைக்குப் பெரிய வேலையே இல்லை. கால் போகாவிட்டால் எல்லாப் பலத்தையும் தோள்தான் கொடுத்தாக வேண்டும்.

இவருடைய கால் போகாது. பயம் என்று நினைக்காதீர்கள். பழக்கம். யார் மேலாவது கால் பட்டுவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இவரும் அதைத்தான் செய்தார். முதல் நாள் நிலத்தில் கிடந்த பிரம்பில் கால் பட, குனிந்து தொட்டுக் கும்பிட்டாராம். மரியானோவுக்கு அது பிடித்துப்போய், நல்ல மரியாதை என்று எல்லோரையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை பக்குரங்காவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெடியங்களும் பிரம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்களாம். ஆனால் ஆளோடு ஆள் மோதும்போது இது சரிவருமா? இவருடைய கால் மரியானோவின் காலில் பட்ட உடனே பிரம்பைக் கீழே விட்டுவிட்டுக் குனிவார். மரியானோவின் பிரம்பு இவருடைய முதுகில் விழும். இப்படிப் பல தடவை வாங்கிக்கட்டிய பிறகு இவருடைய கால் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. யார் காலுக்கும் கிட்டப் போகாமல் ஒரு முழம் தள்ளி நின்று, கையை மட்டும் எறிந்து அடிப்பது. பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது என்பார்களே, அதுதான். கடைசியில் முறிந்தது தோள்.

எண்பத்தெட்டு தொடக்கத்தில் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் வந்து நின்றார். டொக்டர் சிவசாமியிடம் கூட்டிக்கொண்டு போனேன். மலேசியாக்காரர், நல்ல பொறுமைசாலி. கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

“உள்ளே கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. வேலையிலயும் இழுக்கிறீங்க, அங்கேயும் போய் வீசுறீங்க. இன்னும் ஒரு தடவை கிழிஞ்சா ஆபரேஷன்தான், பார்த்துக்குங்க,” என்றார்.

அந்த வருடம் எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்பு. லோண்டரியிலும் ஆட்களைக் கழிக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் என்று போய்ப் படுத்தால், திரும்பி வரும்போது வேலை இருக்காது. பிரம்படியை விட்டாலோ பழையபடி நான் விடியற்காலை கோட்டு மாட்ட வேண்டும். எனக்கு அது முடியாது. கிழவிகளைத் தூக்கித் தூக்கி என் கால் இரண்டும் அப்போதே வீங்கிப்போயிருந்தன. ஆகவே இவருக்குக் கால் பழக வேண்டும், தோள் முழுதாகப் போகமுன் பழக வேண்டும். எங்கள் இருவருடைய பிழைப்பும் அதில்தான் நின்றது.

மரியானோதான் ஒரு யோசனை சொன்னார். மண்டபத்தில் கிழமைக்கு ஒரு நாள் போதாது, வீட்டில் மனைவியை எதிரே நிறுத்தித் தினமும் பழகு, மெதுவாகப் பழகு, கையில் பலமே வேண்டாம், கால் மட்டும் என்று.

“மலர், ஒரு பத்து நிமிசம் நிண்டு தாவன்,” என்று கேட்டார் இவர்.

சமைத்து வைத்துவிட்டு, வேலைக்குப் போகமுன் கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டு இருக்கிற நேரம் அது ஒன்றுதான். சரியென்று எழும்பினேன். கராஜில் டேப் ஒட்டினோம். நான் பிரம்பை மெதுவாக இறக்குவேன், இவர் சாய்வாக முன்னுக்கு வர வேண்டும். மண்டபத்தில் மாதக்கணக்காக வராத கால், கராஜில் முதல் நாளே வந்தது. தயக்கமே இல்லை. என் காலுக்குப் பக்கத்தில் வந்து பதிந்தது, சிலவேளை என் கால் மேலேயே பதிந்தது. இவருடைய இடுப்பு திரும்பியது. பிரம்பு என் தோளுக்குக் கிட்டே பூப்போல வந்து நின்றது. எனக்கே ஆச்சரியம். களைப்பிலும் ஒரு சந்தோஷம். இந்த மனிதருக்கு என்னால் ஒரு உபகாரம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மண்டபத்திலும் கால் வரத் தொடங்கியது. எதிரே நிற்பது மலர் என்று மனதில் நினைத்துக்கொண்டு போடுகிறேன், வருகிறது என்றார். தோள்வலி பாதி குறைந்தது. சனிக்கிழமை ஒன்றில் குடும்பங்களையும் கூப்பிட்டு மரியானோ நூடில்ஸ் விருந்து வைத்தார். எனக்கு அன்று லீவு. போனேன். இவர் மண்டபத்தில் பழகுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். முடிந்ததும் மரியானோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். இவ்வளவு நாளும் வராதது எப்படி வந்தது, வீட்டில் மனைவியின் காலில் பட்டால் அந்தக் குனிந்து கும்பிடுகிற வேலை இல்லையா என்று இங்கிலிஷில் கேட்டார்.

“இல்லை. அவள் என்னுடைய மனைவிதானே,” என்றார் இவரும் இங்கிலிஷில்.

சாதாரணமாகத்தான் சொன்னார். நூடில்ஸை முள்ளுக்கரண்டியில் சுற்றிக்கொண்டே சொன்னார். மரியானோ என்னைப் பார்த்தார். பிறகு வேறு கதை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கால் தவறி இவரில் பட்டால் நான் தொட்டுக் கும்பிடுவேன், கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். இவருடைய கால் என்னில் பட்டு இவர் கும்பிட்டது கிடையாது. அப்பாவும் அம்மாவைக் கும்பிட்டதில்லை. எங்கள் ஆட்களில் யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அது குறை என்று ஒருநாளும் பட்டதில்லை. பிரம்புக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த மண்டபத்துக் கதிரையில் இருந்தபோதுதான் பட்டது. சும்மா சொல்லவில்லை, நெஞ்சு எரிந்தது. ஞாயிறு முழுக்க இவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சந்தையில் நான் மரக்கறிப் பையை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்க, என்ன பிழை என்று தெரியாமல் இவர் பின்னால் வந்தார்.

திங்கட்கிழமை கராஜில் நின்றோம். பிரம்பை இறக்கினேன். இவருடைய கால் வந்து என் கால் விரல்கள் மேல் பதிந்தது.

“நில்லுங்கோ. என்ர காலில மிதிச்சிட்டியள்,” என்றேன்.

“பழகேக்க படுந்தானே.”

“மரியானோவில பட்டாக் கும்பிடுறியள். பிரம்பில பட்டாலும் கும்பிடுறியள். நான் பிரம்பிலயும் குறைஞ்சு போனனோ?”

இவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“நான் அப்பிடி ஒருநாளும் யோசிக்கேல்லை, மலர்.”

“ஓம். அது எனக்குத் தெரியும்.”

பிரம்பை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையால் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை உயர்த்தும்போது முகம் சுளித்தது. வெட்கத்திலா வலியிலா தெரியவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு கிடைத்தது என்றாலும் கிடைத்ததுதானே.

“சரி, இனிப் பழகுவம்,” என்றேன்.

பிரம்பை இறக்கினேன். இவருடைய கால் புறப்பட்டு என் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. திரும்ப இறக்கினேன். திரும்பவும் நின்றது. மண்டபத்தில் முன்பு நின்றதைப் போலவே நின்றது. கால் நின்றதும் கை தானாக வீசியது. அடுத்ததில் தோளுக்குள் ஏதோ சடக்கென்றது, எனக்கே கேட்டது. இவர் பிரம்பைப் போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

நான் இவருடைய காலுக்கு ஒரு ஆளாகிவிட்டேன். அதுதான் நடந்தது. கேட்டதை வாங்கிக்கொண்டேன், வாங்கிய கையோடு இவருடைய கால் நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து நிற்கிற மனிதரைப் பார்க்க, ஈர விரிப்புகள் நினைவில் வந்தன. ஆபரேஷன் நினைவில் வந்தது. விடியற்காலைக் குளிரில் அந்தத் தெருவில் நான் தனியாகத் திரும்பி வருவது நினைவில் வந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, எலும்பு வரைக்கும்.

“தோளைக் காட்டுங்கோ,” என்றேன். தடவிக் கொடுத்தேன். கை அசைந்தது. முழுதாகப் போகவில்லை. பிரம்பை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

“இனிக் கும்பிட வேண்டாம். மிதியுங்கோ,” என்றேன்.

“நீதானே இப்ப...”

“நான்தான். இப்பவும் நான்தான் சொல்லுறன். மிதியுங்கோ.”

இவருக்கு உடனே வரவில்லை. என் முகத்தைப் பார்ப்பதும் நிலத்தைப் பார்ப்பதுமாக நின்றார். நான் என் காலை முன்னுக்கு நகர்த்தி, முக்கோணத்தின் முனையிலேயே வைத்துக் கொடுத்தேன். பிரம்பை இறக்கினேன். கால் தயங்கியது. திரும்ப இறக்கினேன், திரும்ப இறக்கினேன், கடைசியில் வந்து பாரத்தோடு பதிந்தது. இடுப்பு திரும்பியது. பிரம்பு என் தோளருகில் நின்றது.

“வந்திட்டுது, என்ன?” என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

“ஓம்,” என்றேன். நன்றாகத்தான் வந்திருந்தது. நேரமாகிவிட்டதால் உள்ளே போய் உடுப்பு மாற்றினேன். மிதிபட்ட கால் சப்பாத்துக்குள் இறங்க மறுத்தது. நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன்.